பேராலயச் சாளரமும் கோயில் விளக்கும்: இடைக்காலக் கலையில் உழைப்பின் இடம்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்குச் செல்வோர், வாயிற்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ள இணைக்கயலையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் நின்று பார்ப்பதுண்டு. பழைய கோயிலின் கல் கோட்டையின் கல்லாயிற்று. கோட்டையினூடாகவே கோயிலுக்குப் போகவேண்டிய நிலையும் வந்தது. இக்கல்லைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இழப்புணர்ச்சியோடு எழுதியுள்ளனர். அவ்வுணர்ச்சி நியாயமானதே. ஆயினும் இழக்கப்பட்டதை ஆக்கியோர் யாவர், அதனை நாள்தோறும் நடத்தியோர் யாவர் என்னும் வினாக்கள் அவ்வெழுத்துக்களில் எழுவது அரிது. அவ்வினாக்களை எழுப்புதற்கு இக்கட்டுரை ஒரு சுற்றுவழியை மேற்கொள்கின்றது. பிரான்சு தேசத்து இடைக்காலப் பேராலயங்களையும் அவற்றின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் பற்றி நிகழ்ந்துள்ள விவாதம், நமது கோயில்களை நோக்குவதற்கு வேண்டிய தெளிவைத் தருமென்பது என் துணிபு.

இவ்வழி நமக்கு முற்றிலும் புதியதன்று. கோதிக் பேராலயத்தையும் கீழைத்தேயக் கோயிலையும் ஒருங்குவைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். 1908இல் வெளிவந்த அவரது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல், வில்லியம் மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்கு உரியதாயிருந்த அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது. இது வெறும் தற்செயலன்று. கோதிக் சிற்பத்தின் செப்பமின்மையையே தொழிலாளியின் சுதந்திரத்துக்குச் சான்றாகக் காட்டி ஜோன் ரஸ்கின் 1853இல் எழுதிய அதிகாரத்தை, மொறிஸ் 1892இல் தனிநூலாகப் பதிப்பித்தார். அம்மரபின் வழிவந்தவரே குமாரசுவாமி. ஆனால், ரஸ்கினிடம் தொடங்கிய மொறிஸ் சமதர்மத்துக்கு வந்துசேர்ந்தார். அதே இடத்திலே தொடங்கிய குமாரசுவாமியோ சாதியமைப்பைத் தொழிற்கணங்களின் இசைவான ஒழுங்கெனப் போற்றும் நிலைக்கு வந்துசேர்ந்தார். ஒரே ஊற்றிலிருந்து இரு திசைகளிற் பாய்ந்த இக்கருத்தோட்டத்தில் நம்மவர் பெரும்பாலும் இரண்டாவதையே பின்பற்றினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கோதிக் கட்டடக்கலையின் அடிப்படை ஒரு பொறியியற் பிரச்சினையாகும். கற்கூரையின் பாரத்தைச் சுவர் முழுவதும் சுமக்குமாயின், சுவர் தடித்ததாயும் சாளரம் சிறியதாயும் இருத்தல் தவிர்க்கமுடியாதது. கூர்நுனி வளைவும், விலாவெலும்பு போல் ஓடும் கல்வளைகளும், சுவருக்குப் புறத்தே நின்று கைநீட்டித் தாங்கும் முட்டுக்களும் அப்பாரத்தைச் சில இடங்களிற் குவித்து நிலத்துக்கு இறக்கின. சுவர் சுமைதாங்கும் கடமையிலிருந்து விடுபட்டது. விடுபட்ட இடத்தைக் கண்ணாடி நிரப்பிற்று. அக்கண்ணாடியோ மணலும் மரச்சாம்பலும் உருகிப் பிறப்பது. கோபாற்றினால் நீலமும், செம்பினாற் சிவப்பும், மங்கனீசினால் ஊதாவும் பெறப்பட்டன. வெட்டிய துண்டுகளின்மீது முகமும் உடைமடிப்பும் தீட்டிச் சூளையிற் சுட்டு, ஈயப்பட்டைகளாற் பிணைத்துச் சாளரம் ஆக்கினர். காடு வெட்டியோன், சாம்பல் எரித்தோன், சூளையில் நின்றோன், ஈயம் வார்த்தோன் எனப் பலர் கைபட்டே அந்த ‘விண்ணொளி’ ஆலயத்தினுள் இறங்கிற்று.

இவ்வொளிக்கு இறையியல் விளக்கம் தந்தவர் சென்-டெனி மடத்தின் தலைவர் சூஜே. 1144இல் அவர் அர்ப்பணித்த கீழ்ப்பகுதியே கோதிக் பாணியின் தோற்றுவாயெனக் கொள்ளப்படுகின்றது. பருப்பொருளின் ஒளியினூடாக மனம் மெய்யொளிக்கு ஏறும் என்ற அவரது கோட்பாடு கலை வரலாற்று நூல்களிலெல்லாம் எடுத்தாளப்படுகின்றது. அவ்வளவாக எடுத்தாளப்படாத செய்தி ஒன்றுண்டு. பொன்னையும் மணியையும் கண்ணாடியையும் அவர் வருணிக்கும் அதே நிருவாகக் குறிப்பின் முற்பகுதி, மடத்துக்குரிய நிலங்களின் வருவாயைத் தாம் எவ்வாறு பெருக்கினார் என்ற கணக்காகவே அமைந்துள்ளது. சூஜே எதனையும் மறைக்கவில்லை. கணக்கை விட்டுக் கவிதையை மட்டும் படித்தவர்கள் பிற்கால அறிஞர்களே.

சார்த்ரே பேராலயத்திற் பிரச்சினை இன்னும் கூர்மையடைகின்றது. 1194இல் தீக்கிரையாகி, அடுத்த சில பத்தாண்டுகளுள் மீளக் கட்டப்பட்டு, 1260இல் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்தின் பெரும்பகுதிக் கண்ணாடி இன்றும் எஞ்சியுள்ளது. ஏறத்தாழ 40 சாளரங்களிலே ரொட்டி சுடுவோர், கம்பளித்தோல் விற்போர், தச்சர், சக்கரம் செய்வோர், பீப்பாய் கட்டுவோர், நாணயம் மாற்றுவோர், கொல்லர், கற்சிற்பியர் ஆகியோர் தத்தம் தொழிலிற் காட்டப்பட்டுள்ளனர். இவை தொழிற்கணங்கள் மனமுவந்து அளித்த கொடைகள் என்றும், நகரமே ஒன்றுபட்டுக் கட்டிய ஆலயத்துக்கு இவை சான்றென்றும் நெடுங்காலம் கூறப்பட்டது. முற்போக்காளர் சிலருங்கூட இதிலே மக்கள் கலையின் வெற்றியைக் கண்டனர். ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினிய சித்திரத்தைக் குலைத்தது. சாளரங்கள் அமைக்கப்பட்ட காலத்திலே சார்த்ரேயில் முறையாக அமைந்த தொழிற்கணங்கள் இருந்தமைக்குப் போதிய சான்றில்லை. தொழிலாளர் மீதான அதிகாரம் யாருக்குரியது என்பது பற்றி ஆலயக் குருமார் மன்றத்துக்கும் பிரபுவுக்குமிடையே பூசல் நிலவிற்று. 1210இல் நகரமக்கள் மன்றத் தலைவரின் மாளிகையைத் தாக்கினர். ஆகவே, பணிவோடு உழைத்துக் காணிக்கை நல்கும் தொழிலாளியின் உருவம், குருமார் காண விரும்பிய தொழிலாளியின் உருவமேயாகும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதனோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குருமார் மன்றத்தின் செல்வத்துக்கு ஆதாரம் போஸ் சமவெளியின் கோதுமை நிலம். அந்நிலத்தை உழுதவன் சாளரங்களில் எங்கே நிற்கிறான்? இராசிச் சக்கரத்தோடு மாதத் தொழில்களைக் காட்டும் சாளரத்திலே அவன் நிற்கிறான். அறுப்பும் சூடடித்தலும் அங்கே மாதங்களின் இயல்புகளாக, மழையும் வெயிலும் போல, இயற்கையின் ஒழுங்காகக் காட்டப்படுகின்றன. ரொட்டி சுடுவோன் கொடையாளியாகவேனும் தோன்றுகிறான். கோதுமை விளைத்தோன் பருவகாலமாகிவிடுகிறான். வர்க்க உறவொன்றை இயற்கை விதியாக மாற்றிக் காட்டும் கருத்தியலின் தொழிற்பாட்டுக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைப்பது கடினம்.

எனினும் கண்ணாடி சொல்வதே முழு வரலாறன்று. றேம்ஸ் நகரில் 1233இல் மக்கள் பேராயருக்கெதிராகக் கிளர்ந்தபோது, பேராலயத் திருப்பணிக்கென வைத்திருந்த கற்களையே தடையரணுக்கு எடுத்தனர். கட்டட வேலை 1236 வரை தடைப்பட்டது. வழிபாட்டுக்குரிய கல் போருக்குரிய கல்லாவது திருகோணமலையில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆனால் எவர் கையில் மாறியது என்பதே வேறுபாடு. இங்கே மாற்றியவன் கடல்கடந்து வந்த ஆக்கிரமிப்பாளன். அங்கே மாற்றியவர்கள் வரிப்பளுவைச் சுமந்த நகரமாந்தர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். சுரண்டலை நிறுவியதும் கலை பற்றிய பேச்சு முடிந்துவிட்டதெனக் கருதும் கொச்சைப் பொருள்முதல்வாதம் நம்மிடையே இல்லாமலில்லை. சார்த்ரேயின் புனித செரோன் சாளரத்தின் அடியிலே, அரசனொருவனின் சிலையைச் செதுக்கும் சிற்பியருள் ஒருவன் வேலையை நிறுத்திவிட்டு ஏதோ அருந்துகிறான். குருமாரின் இறையியலுக்கு அந்த மிடறு தேவையில்லை. தன்போன்ற இன்னொரு தொழிலாளியின் களைப்பை அறிந்த கையே அதனைத் தீட்டியிருத்தல் வேண்டும். ஆளும் வர்க்கத்தின் கட்டளைக்குள்ளேயே உழைப்பவனின் அனுபவம் இவ்வாறு கசிந்துவிடுகின்றது. அதனைக் காணாத விமர்சனம் பாதி விமர்சனமே.

இனி நமது பக்கம் திரும்பலாம். கோதிக் ஆலயம் ஒளியை நாடுவது, தமிழ்க் கோயில் கருவறை இருளை நாடுவது. இது மேற்கின் ஆன்மா, அது கிழக்கின் ஆன்மா என்று பேசுவது ஒரு காலத்தில் நாகரிகமாயிருந்தது. கருவறை இருளிலும் ஒளியுண்டு. அது நெய்விளக்கின் ஒளி. அதற்கும் விலையுண்டு. நந்தா விளக்கொன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடையளிக்கப்பட்டதைச் சோழர் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. அவ்வாடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்று அக்கல்வெட்டுக்கள் குறிக்கும். ஆடுகள் சாவதும் மூப்பதும் இயற்கை. ஆயினும் மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது. அளந்த நெய் நாள்தோறும் கோயிலுக்குச் செல்லவேண்டும். கொடையாளிக்குக் கிடைத்தது அழியாப் புகழ். நோய்க்கும் வறட்சிக்கும் பொறுப்பேற்றவன் இடையன். சாவாமையும் மூவாமையும் ஆட்டின் குணங்களல்ல, இடையனின் தலையில் ஏற்றப்பட்ட கடன்கள். கவித்துவம் மிக்க இச்சொற்றொடர் உண்மையில் ஒரு குத்தகை நிபந்தனையாகும்.

இத்தகைய கொடைமரபு திருகோணமலைக்குப் புறம்பானதன்று. பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, சோழராட்சிக் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் விளக்கும் பசுவும் பெளத்தப் பள்ளிக்குக் கொடையளிக்கப்பட்டமையைக் கூறுகின்றன. சமயம் மாறினும் ஒளியின் பொருளாதாரம் மாறவில்லை. இன்று சமயத்தையும் மொழியையும் ஒன்றாக்கி இப்பிரதேசத்தின் தொல்லியலைப் பங்குபோடுவோர் இரு தரப்பிலும் உளர். அவர்களுக்கு இக்கல்வெட்டுக்கள் சங்கடமானவை.

கோணேசர் கோயிலைப் பொறுத்தவரை நமக்குள்ள முக்கியமான ஆவணம், கவிராஜவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் ‘கோணேசர் கல்வெட்டு’ ஆகும். பெயர் கல்வெட்டாயினும் இது செய்யுளும் உரைநடையும் விரவிய நூல். குளக்கோட்டன் திருப்பணியை நிறைவேற்றி, தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளை வரவழைத்துக் குடியமர்த்தி, இன்னார்க்கு இன்ன தொழும்பு எனப் பரம்பரையுரிமையாக விதித்தான் என்பது அதன் செய்தி. கந்தளாய்க் குளத்தோடும் வயல்நிலங்களோடும் கோயிலின் வருவாயை அது பிணைக்கின்றது. இன்றைய வடிவில் இந்நூல் பிற்காலத்தது என்பதில் ஐயமில்லை. குளக்கோட்டனின் காலம் பற்றி நம்மவர் செலவிட்டுள்ள தாள்களோ பல. அந்நூல் ஏன் அரசனின் வீரத்தைவிடத் தொழும்பாளரின் கடமைகளில் அத்துணைக் கவனஞ் செலுத்துகின்றது என்று கேட்டோர் சிலரே. தடையின்றி நடக்கும் ஒழுங்கொன்றை மீண்டும் மீண்டும் விதித்துரைக்க வேண்டிய தேவை எழுவதில்லை. கடமைகள் தளர்ந்த, அல்லது தளருமென அஞ்சிய ஒரு காலத்தின் குரலாகவே நான் இந்நூலைப் படிக்கிறேன். சார்த்ரேயின் குருமார் கண்ணாடியிற் செய்ததை இங்கே தமிழ்ச் செய்யுளும் உரையும் செய்தன.

1620களின் முற்பகுதியில் கொன்ஸ்தந்தீனு த சா தலைமையிலான போர்த்துக்கேயர் இக்கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் அதனைக் கைப்பற்றினர். பிரெடெரிக் கோட்டை என்ற பெயர் 1803இல் வந்தது. இவ்வழிவு குடியேற்றவாதத்தின் குற்றம். அதனை எவ்விதத்திலும் தணித்துரைத்தல் தகாது. ஆனால், அழிவின் துயரம் கோயிலின் உள்முரண்பாடுகளைக் கழுவிவிடுகின்றது. பறங்கியர் இடிக்கும்வரை எல்லாரும் ஒருமனமாய்த் தொழுதனர் என்ற கதை அத்துயரிலிருந்தே பிறக்கின்றது. இக்கதை பழங்கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசம் கோரி நின்றோரை எதிர்த்தோரும் மரபின் ஒழுங்கையும் இசைவையும் எடுத்துரைத்தே எதிர்த்தனர். கோயிலுக்கு உழைத்த சாதிகள் கோயிலுக்குள் நுழைதல் கூடாது என்ற விதிக்கு, குமாரசுவாமியின் ‘இசைவான தொழிற்கணங்கள்’ எவ்வளவு வசதியான அரண் என்பது அப்போது வெளிப்பட்டது.

1950இல் திருகோணமலையில் நிலத்தைத் தோண்டியபோது வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமிமலையடிக் கடலிற் சிற்பவேலை அமைந்த கற்களைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மீட்கப்பட்ட ஒவ்வொன்றும் அரசனின் பெயரோடோ இறைவனின் பெயரோடோ இணைக்கப்பட்டது. கோட்டை வாயிற்கல்லை நோக்கிச் சொல்லப்படும் பழம்பாடலிலும் கட்டியவனாகக் குளக்கோட்டனும் பிரித்தவனாகப் பறங்கியுமே வருகின்றனர். கயல் இரண்டையும் செதுக்கியவன் உளியைக் கீழே வைத்து ஒரு மிடறு நீர் அருந்தியிருப்பான். அவனைக் காட்டும் கண்ணாடி எதுவும் நம்மிடம் இல்லை. அவனது உளித்தடம் மட்டும் அவ்வாயிற்கல்லில் உள்ளது.