காலப் பயணக் கதையும் ராக் இசையின் பிறப்பும்

கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் அமைப்புகளைப் பட்டியலிடுதல் இக்காலத்தில் எளிய தொழிலாகிவிட்டது. சாபம் ஏறிய பொருள், இறந்தும் நீங்காத உடன்பிறப்பு, கலையை வெறுக்கும் மூத்தோர், ஒன்று மாறியதால் உலகமே மாறிப்போதல் என இவை பல. ஆங்கிலத்தார் ‘ட்ரோப்’ என வழங்கும் இவற்றை ஈண்டுக் ‘கதைமரபு’ எனக் குறிப்போம். ஸ்டித் தாம்சன் தொகுத்த நாட்டுப்புற இலக்கியக் கதைக்கூறு அடைவு 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் 1955க்கும் 1958க்கும் இடையே திருத்தியும் விரித்தும் பதிப்பிக்கப்பெற்றது. அதன் நான்காம் பிரிவு மாயம் பற்றியது. ஐந்தாம் பிரிவு இறந்தோர் பற்றியது. அவ்விரு பிரிவுகளையும் அருகில் வைத்துக்கொண்டால் எந்தப் பேய்க்கதையையும் அரைநாளில் கூறுகூறாகப் பிரித்துவிடலாம். அண்மையில் முதுகலை மாணவர் ஒருவர் தொலைக்காட்சிக் கதையொன்றிலிருந்து இருபத்திரண்டு மரபுகளைக் கண்டெழுதி என்னிடம் கொணர்ந்தார். பட்டியலில் பிழை இல்லை. ஆயினும் அதனைப் படித்து முடித்தபின், ‘இக்கதை என் சொல்ல வந்தது?’ என்ற வினா முன்போலவே நின்றது. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து எழுந்தது.

அக்கதை ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ என்னும் அமெரிக்கத் தொடரில் வருவது. 2016இல் தொடங்கி 2022 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பாகிய தொடர் அது. ‘வேவ்ரைடர்’ என்னும் காலக்கப்பலில் ஏறிய வீரர் குழுவொன்று, வரலாற்றில் நேரும் பிறழ்ச்சிகளைத் தேடிச்சென்று சீர்செய்கிறது. மூன்றாம் பருவத்தில், 2018 மார்ச் 12 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தின் பெயர் ‘அமேசிங் கிரேஸ்’. ராக் இசை வரலாற்றிலிருந்து மறையத் தொடங்குகிறது. குழுவினர் 1954ஆம் ஆண்டு மெம்பிஸ் நகருக்குச் செல்கின்றனர். அங்கே இளைஞர் எல்விஸ் பிரெஸ்லியின் கித்தாரில் இறப்புக்குரிய மந்திரக்கல் ஒன்று பொருந்தியிருக்கிறது. அவர் மீட்டினால் இறந்தோர் எழுகின்றனர். எழுந்தோருள் அவருடைய இரட்டை உடன்பிறப்பாகிய ஜெஸ்ஸியும் ஒருவர். இறுதியில் எல்விஸ் ஒரு துதிப்பாடலை இசைக்க, ஆவிகள் அமைதி கொள்கின்றன. கல் குழுவினர் கைக்கு வருகிறது.

இக்கதையின் அடிமரபு, ஒருவர் நீங்கினால் ஒரு கலையே நீங்கும் என்பது. காலப் பயணக் கதைக்கு இம்மரபு இன்றியமையாதது. பயணம் செய்வோர்க்குச் செல்லவேண்டிய ஓர் இடமும் ஒரு நாளும் காக்கவேண்டிய ஓர் ஆளும் வேண்டும். ஆயிரம் பேர் ஐம்பது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செய்த ஒன்றை ஒரு கப்பலில் சென்று காக்க இயலாது. இதே தொடர் 2017இல் ஜார்ஜ் லூகாஸைக் கொண்டு இம்மரபை ஒருமுறை ஆண்டிருக்கிறது. திரைப்படக் கல்வியை லூகாஸ் கைவிட்டதும், அவர் படங்களைக் கண்டு வரலாற்றறிஞராகவும் அறிவியலாராகவும் ஆன இருவர் தத்தம் அறிவை இழந்துவிடுகின்றனர். அங்கு இம்மரபு பொருந்துகிறது. நகைச்சுவையும் தானே பிறக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை ஆக்கியோர் பலரேனும், அதன் வித்து ஒருவர் உள்ளத்தில் தோன்றியது. ராக் இசை அத்தகையதோ?

அன்று என்பதற்கு மெம்பிஸ் நகரே சான்று. சாம் பிலிப்ஸ் 1950இல் அந்நகரின் யூனியன் சாலையில் ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார். எல்விஸ் அங்கு வருமுன்னரே பி.பி. கிங், ஹவ்லின் உல்ஃப் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் அங்குப் பாடிப் பதிந்தனர். ராக் இசைத்தட்டுகளுள் முதல்வரிசையில் எண்ணப்படும் ‘ராக்கெட் 88’ 1951இல் அங்கேயே பதிவாயிற்று. அதனை இசைத்தது ஐக் டர்னரின் குழு. துதிப்பாட்டையும் மின்கித்தாரையும் ஒருங்கே ஆண்ட சிஸ்டர் ரொசெட்டா தார்ப் அதற்கும் பல ஆண்டுகள் முற்பட்டவர். ‘ஹவுண்ட் டாக்’ பாடலை எல்விஸ் 1956இல் பாடினார். பிக் மாமா தார்ன்டன் பாடிய தட்டோ 1953இலேயே வெளிவந்துவிட்டது. பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ பதிவானது 1954 ஏப்ரலில். எல்விஸின் முதல் வணிகத்தட்டுக்கான பதிவு நடந்ததோ அவ்வாண்டு சூலை 5 அன்று. எனவே 1954இல் எல்விஸ் கித்தாரைத் தொடாதிருந்தால் ராக் இசையின் புகழும் வணிகமும் வேறு வழியிற் சென்றிருக்கும்; இசை மறைந்திராது.

‘பொழுதுபோக்குக் கதையின்மேல் இத்துணைப் பாரம் ஏற்றலாமோ?’ எனக் கேட்பார் உளர். ஏற்றலாம் என்பதே எம் கருத்து. வரலாற்றைத் திருத்துவதே இத்தொடரின் பொருள். அதன் தலைமாந்தருள் ஒருவரான நேட் ஹேவுட் வரலாற்றறிஞர். வரலாறு எது என்ற கேள்வியை அது தானே எழுப்புகிறது. உரையாடலில் உண்மை நோக்கிய ஒரு சொல் வந்துபோகக்கூடும். ஆயின் கதையில் மெய்யாகப் பேசுவது அதன் கட்டமைப்பு. யாரைக் காத்தால் எது காக்கப்படுகிறது என்பதே கதையின் கூற்று.

இனி, இசையை வெறுக்கும் சமயப் போதகர். எல்விஸின் உறவினராக வரும் ஒருவரிடம் இம்மரபு அமைந்திருக்கிறது. 1950களின் நடுவில் போதகர் பலர் ராக் இசையைப் பழித்தமை உண்மை. எல்விஸின் இளமைக்கோ இது பொருந்தவில்லை. டுப்பலோ ஊரில், பதினோராம் பிறந்தநாளுக்குக் கிடைத்த கித்தாரில் விரல் வைக்க அவர்க்குக் கற்பித்தோருள் அவர் குடும்பம் சென்ற திருச்சபையின் போதகரே ஒருவர். வழக்கமான ஒரு பகைவன் வேண்டும் என்பதற்காக, உண்மையில் ஆசானாக நின்றவர் இருந்த இடத்தில் எதிரி ஒருவர் வைக்கப்படுகிறார். கதையின் மிக மெலிந்த பகுதி இது என்க.

இரட்டையர் மரபுக்கு வருவோம். அத்தியாயத்தின் உயிர் இங்கேயே உள்ளது. எல்விஸ் 1935 சனவரி 8 அன்று பிறந்தார். அவர்க்கு முப்பத்தைந்து நிமிடம் முன்னர்ப் பிறந்த ஜெஸ்ஸி கேரன் உயிரின்றிப் பிறந்த குழவி. பெயர் பொறித்த கல்லும் இன்றி டுப்பலோவுக்கு அருகே அக்குழவி அடக்கம் செய்யப்பட்டது. இரட்டையருள் ஒருவர் இறந்து மற்றவர்க்கு ஆவியாய்த் தோன்றுதல் எந்நாட்டிலும் உள்ள பழங்கதை. எழுதுவோர் பிறர் கைப்பட்டிருந்தால் ஜெஸ்ஸி பழிவாங்கும் பேயாகியிருப்பார். ‘உன் வாழ்வு எனக்குரியது’ என்று வந்து நின்றிருப்பார். இவ்வத்தியாயம் அவ்வழியிற் செல்லவில்லை. ஈண்டு அண்ணன் துணையாகவே வருகிறார். இசை எல்விஸுக்குப் புகழாக விளங்குமுன்பே, இழந்த ஒருவரோடு பேசும் வழியாக இருக்கிறது. கித்தாரை விட்டுக்கொடுத்தல் என்பது கருவியைக் கொடுப்பதோடு நில்லாமல், உடன்பிறந்தாரை இரண்டாம் முறை இழப்பதாகவும் முடிகிறது. வீரர் குழு கேட்பது எத்துணைக் கொடியது என்பதைக் காண்போர் உணர்கின்றனர். வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியாய் நிற்கும் செய்தியைக் கதையின் நடுவண் நிறுத்திய திறத்தை மனமாரப் பாராட்டலாம். பட்டியலில் இஃது ‘ஆவியான உடன்பிறப்பு’ என்னும் ஒரு சொற்றொடராகவே அமையும். அச்சொற்றொடரில் இத்துயரம் அடங்காது.

ஆயின் இத்துயரத்தோடு பிறிதொன்றும் நிகழ்கிறது. இசைக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ‘இறந்த அண்ணனிடமிருந்து, மாயக்கல்லிலிருந்து’ என விடை கிடைத்துவிடுகிறது. உயிரோடிருந்து கற்பித்தோர் யார், பாடல் யாருடையது என்ற கேள்விகளுக்குக் கதையில் இடமில்லாமற் போகிறது.

கருவிக்குத் தெய்வ ஆற்றல் உண்டெனக் கூறும் மரபு நமக்கும் புதிதன்று. பெருங்கதையில் உதயணனின் கோடவதி யாழ் மதயானையை அடக்கும். சிந்தாமணியில் வருவது வேறு. காந்தருவதத்தையின் முன்னிலையில் சீவகன், தன்முன் கொணர்ந்த யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். நீரில் நின்று இளகிய மரம், வாள் பட்ட மரம், இடியேறு உண்ட மரம் என அவற்றின் குற்றம் கூறுகிறான். திருத்தக்கதேவர்க்கு யாழின் மரம் எங்கிருந்து வந்தது, அது என்ன பட்டது என்பது முதன்மையானது. கருவியின் வரலாறு ஒலியில் கேட்கும் என்பது அவர் கொள்கை. இவ்வளவுகோலை எல்விஸின் கித்தாருக்கு வைத்துப் பார்த்தல் தகும். அதனுள் இருந்த கல் எங்கிருந்து வந்தது?

விடை தொடரிலேயே இருக்கிறது. மண், நீர், தீ, காற்று, உயிராவி, இறப்பு என அறுவகை ஆற்றலுக்கு உரிய ஆறு கற்கள் ஆப்பிரிக்காவில் உள்ளதாகப் புனையப்பட்ட ஸாம்பெசி நாட்டின் இனக்குழுக்களுக்கு உரியவை. குழுவில் உள்ள அமாயா அந்நாட்டுப் பெண். அக்கற்களுள் ஒன்றைத் தாயமாகப் பெற்றவர். ஆகவே இக்கதை கூறுவது இது: மெம்பிஸ் நகரத்து வெள்ளை இளைஞர் ஒருவரின் கித்தாரில் இருந்த ஆற்றல் ஆப்பிரிக்க மக்களுக்கு உரியது, காலத்தில் சிதறி, உரியோர் அறியாமல் அவர் கைக்கு வந்தது. எழுதினோர் இதனை எண்ணியே அமைத்தனரோ என ஐயுறலாம். பருவம் முழுதும் நடக்கும் கல்தேடலில் இஃதொரு படி என்ற அளவிலேயே அமைத்திருத்தல் கூடும். அவ்வாறாயினும், உரையாடல் கூறத் தயங்குவதை மரபு கூறிவிட்டது. சாபம் ஏறிய பொருள் என்னும் மரபுக்கு எக்கதையிலும் இத்தகைய இயல்பு ஒன்று உண்டு. அப்பொருள் பெரும்பாலும் வேறொருவருடையது. சாபம் என்பது உரியவரின் நினைவு. அத்தியாயத்துள் இருந்த மிகச் சிறந்த கதை இதுவே. அதனைத் தொட்டும் விரிக்காது விட்டமையே அதன் குறை.

துதிப்பாடலும் இவ்வாறே. இசையால் இறந்தோரை அசைக்கும் மரபு கிரேக்கரின் ஆர்ஃபியூஸ் காலத்தது. அத்தியாயம் அதற்குத் தேர்ந்த பாடலை இயற்றியவர் ஜான் நியூட்டன். அடிமைக் கப்பலின் தலைவராய் ஆப்பிரிக்கரை விலைப்பொருளாக ஏற்றிச்சென்றவர். 1754இல் கடற்றொழிலை விட்டார்; பின்னர்க் குருவானார்; 1779இல் அப்பாடல் அச்சேறிற்று; 1788இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டார். இன்று பாடப்படும் மெட்டோடு அப்பாடல் இணைந்தது 1835இல், அமெரிக்காவில். கறுப்பின மக்களின் திருச்சபைகள் அதனைத் தம் உயிர்ப்பாடல்களுள் ஒன்றாக்கிக்கொண்டன. ஆப்பிரிக்கக் கல்லின் ஆற்றலை அடக்க, ஆப்பிரிக்கரை விற்றவர் எழுதி, விற்கப்பட்டோர் வழித்தோன்றல்கள் தமதாக்கிய பாடல்! இவ்வளவும் ஒரு காட்சிக்குள் மறைந்து கிடக்கிறது. காட்சியோ அப்பாடலை எல்லார்க்கும் தெரிந்த இனிய மெட்டாக மட்டுமே ஆள்கிறது. ஆவிகள் அமைதி கொள்ளும் காட்சி அழகியதே. அவ்வமைதி சற்று எளிதாகக் கிடைத்துவிட்டது என்றே எமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் 1985இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ திரைப்படம் நினைவுக்கு வருகிறது. அதில் வெள்ளை இளைஞன் ஒருவன் 1955க்குச் சென்று, சக் பெர்ரி 1958இல் வெளியிட்ட பாடலை முன்கூட்டியே இசைக்கிறான்; சக் பெர்ரியின் உறவினர் அதனைத் தொலைபேசி வழியே அவர்க்குக் கேட்பிக்கிறார். வேடிக்கைக்காக அமைந்த காட்சி. ஆயின் அதன்படி, கறுப்பினக் கலைஞர் தம் இசையை வெள்ளை இளைஞனிடமிருந்தே கேட்டறிந்தவராகிறார். தொடக்கமற்ற சுழற்சி என்னும் காலப் பயண மரபு அங்கு ஆக்கியோனின் பெயரையே அழித்துவிடுகிறது. அதனோடு ஒப்பிட, ‘அமேசிங் கிரேஸ்’ ஒரு படி நேர்மையானது. அது எல்விஸின் ஆற்றலை அயலிடத்திலிருந்து வந்ததாகவேனும் ஒப்புகிறது.

1954இன் மெம்பிஸ் எத்தகையது என்பதையும் சிறிது நோக்கவேண்டும். பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே 17 அன்று தீர்ப்பளித்தது. சரியாக ஏழு வாரம் கழித்து எல்விஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாடலைப் பாடினார். சில நாளில் வானொலியில் அத்தட்டைப் பன்முறை ஒலிபரப்பிய டியூயி பிலிப்ஸ், நேர்காணலில் எல்விஸ் படித்த பள்ளி எது எனக் கேட்டார். ஹியூம்ஸ் என விடை வந்தது. வெள்ளையர்க்குரிய பள்ளி அது. பாடுபவர் கறுப்பினத்தார் அல்லர் என்பதைக் கேட்போர்க்கு உணர்த்தவே அவ்வினா. குரலைக் கேட்டோர் ஐயுற்றனர் என்பதே அவ்விசையின் தோற்றத்துக்குச் சான்று. மெம்பிஸ் தெருக்களில் ஆவிகளை உலவவிட்ட அத்தியாயம், இந்த ஒரு வினாவைக் காட்சியாக்கியிருப்பின் பேய்க்கு வேலை குறைந்திருக்கும்.

அன்று எல்விஸ் பாடிய பாடல் ஆர்தர் க்ரடப் என்னும் மிசிசிப்பிக் கலைஞருடையது. அவர் அதனை 1946இல் பதிந்தார். தம் பாடல்களுக்குரிய உரிமைத்தொகையை முறையாகப் பெறாமலே 1974இல் மறைந்தார். கித்தாரில் இருந்து எடுத்த கல்லை வீரர் குழு கப்பலுக்குக் கொண்டுசெல்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அது, ஒருமுறை இறந்து மீண்ட தலைவி சாராவை ஆட்கொள்கிறது. 1954 சூலையில் க்ரடப் உயிரோடுதான் இருந்தார். அவரைக் காணக் காலக்கப்பல் வேண்டியதில்லை.