தராசில் ஏறும் கேஸ்

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலை ஏசி மெக்கானிக்குகளுக்கு ஓய்வில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர்களுக்கு லாட்ஜ் அறை குளிர்ந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் கொதிக்கும் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நடக்கும் கேஸ் சார்ஜிங், பார்க்கத் தெவிட்டாத வேலை.

நல்ல கைகாரர் வந்ததும் சிலிண்டரைத் திறப்பதில்லை. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அதைப் பிடிப்பதுதான் முதல் வேலை. ரெகுலேட்டர் மாட்டி நைட்ரஜன் ஏற்றி, ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றினால் உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும். உயிரே போயிருக்கிறது.

அடுத்தது வேக்கம் பம்ப். குழாய்க்குள் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் எண் ஏறாமல் நின்றால்தான் ஈரம் போயிற்று. அவசரக்காரர்கள் முழுங்கிவிடுவது இந்த நேரத்தைத்தான். பின்னால் கம்ப்ரஸர் அதற்கு விலை கொடுக்கும்.

அப்புறம்தான் கண்ணாடி, கையுறை, தராசு. ஆர்-410ஏ என்கிற குளிர்பதன கேஸ் இரண்டு வாயுக்களின் கலவை. திரவமாகவே எடுக்க வேண்டும் என்பதால் சிலிண்டரைக் கவிழ்த்து வைக்கிறார். மைனஸ் 51 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, தோலில் பட்டால் புண்தான். ஓடும் கம்ப்ரஸருக்குள் திரவம் மொத்தமாகப் பாயாதபடி வால்வைத் துளித்துளியாகத் திருகுகிறார். பெயர்த்தகட்டில் உள்ள எடையோடு, நீண்ட குழாய்க்கான கிராமையும் கூட்டி, கணக்கு வந்ததும் மூடுகிறார். ஆர்-32 ஆக இருந்தால் அது தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் பீடி பற்றவைக்க வாட்ச்மேனைக்கூட விடமாட்டார்.