அகலமான மட்கார்டுக்கு அடியில் என்ன இருக்கு? அகிரா நகாயின் போர்ஷேக்கள் பற்றி

அகிரா நகாய் என்ற ஜப்பானியரைப் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டு வகைக் கருத்துகள்தான் கிடைக்கும். ஒன்று: பழைய போர்ஷே 911 கார்களை ரம்பத்தால் அறுத்து நாசம் பண்ணுகிறார். இன்னொன்று: அவர் பெரிய கலைஞர், அவர் கை பட்டால் தெருக் காரும் ரேஸ் கார் ஆகிவிடும். கொஞ்ச நாளாக அவர் கார்களைப் பற்றிய வீடியோ, படம், கட்டுரை என்று கிடைத்ததையெல்லாம் குடைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பாதிதான் சொல்கிறது என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கேட்கும் கேள்வி எளிமையானது. ஒரே காரை ஷோவில் நிறுத்திப் பார்க்கவும், ட்ராக்கில் விரட்டி ஓட்டவும் தயார் பண்ண முடியுமா? முடியும் என்றால், இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும்?

யார் இந்த நகாய்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டோக்கியோ பக்கத்தில் சிபா மாகாணத்தில் பட்டறை. முதலில் டொயோட்டா ஏஇ86 வைத்து டிரிஃப்ட் பண்ணிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர். பிறகு போர்ஷே பக்கம் வந்தார். கம்பெனி பெயர் ராவ்-வெல்ட் பெக்ரிஃப், சுருக்கமாக ஆர்.டபிள்யூ.பி. அவருடைய சொந்த முதல் 911-க்கு ஒரு பீர் பிராண்டின் பெயர்: ஸ்டெல்லா ஆர்ட்வா. அதிலிருந்து ஒவ்வொரு காருக்கும் ஒரு பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது.

வேலை நடக்கும் விதம்தான் சுவாரசியம். வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் நகாய் நேரில் போகிறார். காரின் மேல் டேப் ஒட்டிக் கோடு போடுகிறார். ஒரிஜினல் மட்கார்டை அறுத்து எடுக்கிறார். ஃபைபர் மட்கார்டைப் பொருத்தி போல்ட் முடுக்கி, விளிம்பில் சிலிகானைப் பூசி விரலால் இழுத்து விடுகிறார். கம்ப்யூட்டர் வரைபடம் எதுவும் கிடையாது, கண்ணளவுதான். இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் ஆசாரி வேலை நடக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அகல மட்கார்டு எங்கிருந்து வந்தது?

இந்த வடிவம் நகாய் கண்டுபிடித்தது இல்லை. அதன் பூர்வீகம் ரேஸ்தான். 1976-ல் வந்த குரூப் 5 விதிகள் மட்கார்டு வடிவத்தில் நிறைய சுதந்திரம் கொடுத்தன. அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் போர்ஷே 935 அவ்வளவு அகலமாக, ஹெட்லைட்டைக் கீழே பம்பருக்கு இறக்கிய தட்டை மூக்கோடு வந்தது. அங்கே மட்கார்டு அகலமாக இருந்ததற்குக் காரணம் டயர். டர்போ இன்ஜின் கொடுத்த சக்தியை ரோட்டில் இறக்க அகல டயர் வேண்டும், அகல டயரை மூட அகல மட்கார்டு வேண்டும். வரிசை அப்படி.

இதில் எனக்குப் பிடித்த கதை க்ரெமர் சகோதரர்களுடையது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து ட்யூனர்கள். 935-ஐ வாங்கித் தங்கள் இஷ்டத்துக்குத் திருத்தி கே3 என்று ஒன்று செய்தார்கள். உடம்பை மாற்றினார்கள். டர்போ காற்றைக் குளிரவைக்க ஃபேக்டரி கார் தண்ணீரைப் பயன்படுத்தியபோது இவர்கள் காற்றாலேயே குளிரவைக்கும் இன்டர்கூலர் போட்டார்கள். 1979 லெமான் 24 மணி நேர ரேஸில் அந்தக் கார் ஒட்டுமொத்த முதலிடம் பிடித்தது. இன்று அதை எந்த ஷோவில் நிறுத்தினாலும் கூட்டம் கூடும். ஆனால் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் அடியில் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது.

நகாய் எடுத்துக்கொண்டது அந்த வளைவை. காரணமும் கூடவே வந்ததா என்பதுதான் விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி.

கொஞ்சம் கணக்கு

964 கரேரா 2-ஐ எடுத்துக்கொள்வோம். ஆர்.டபிள்யூ.பி. அதிகம் கைவைக்கும் மாடல்களில் ஒன்று. 3.6 லிட்டர் இன்ஜின், 250 குதிரைத்திறன், எடை சுமார் 1350 கிலோ. ஃபேக்டரியிலிருந்து வந்தபோது பின் சக்கர ரிம் 8 அங்குலம், டயர் 225 மில்லிமீட்டர். நகாய் முடித்த பிறகு பல கார்களில் 12 அங்குல ரிம், 315 மில்லிமீட்டர் டயர்.

இதில் லாபம் உண்டா? உண்டு. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் கூடினால், வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும் எடை குறையும். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், வளைவில் 1 ஜி விசை என்று வைத்துக்கொண்டால், 1.4 மீட்டர் அகலத்தில் சுமார் 480 கிலோ மாறும். 1.5 மீட்டரில் சுமார் 450 கிலோ. நாலு டயரும் வேலையைக் கொஞ்சம் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும். இது நிஜமான முன்னேற்றம்.

ஆனால் "அகல டயர் என்றால் தரையைத் தொடும் பரப்பு அதிகம்" என்று எல்லோரும் சொல்வது அப்படியே சரி இல்லை. காற்றழுத்தம் அதேதான் என்றால், தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டயர் மேல் உள்ள எடை. அகல டயரில் அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் மாறுகிறது, அவ்வளவுதான். மெத்தென்ற ரப்பரும் குறைந்த அழுத்தமும் போட அகல டயர் இடம் கொடுக்கும், லாபத்தில் பெரிய பங்கு அங்கேதான். இன்னொரு பக்கம், எடை குறைவான காருக்கு மிதமிஞ்சிய டயர் போட்டால் அது வேலை செய்யும் சூட்டுக்கு வராமலே போகலாம். முகப்புப் பரப்பு கூடுவதால் காற்றின் தடையும் கூடும். 250 குதிரைக்கு அது சின்னச் செலவு இல்லை. நேர் ரோட்டில் கை நீட்டிக் கேட்கும்.

பின் இறக்கை விஷயமும் இப்படித்தான். 1973 கரேரா ஆர்எஸ் 2.7-ல் வந்த வாத்து வால் ஸ்பாய்லரைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். வேகத்தில் பின்பக்கம் மேலே தூக்கப்படுவதைக் குறைக்கத்தான் அதை வைத்தார்கள், முன்பக்கமும் அதற்கேற்ற தாடை வந்தது. இரண்டும் ஜோடி. பின்னால் மட்டும் இரண்டு மாடி இறக்கை வைத்து முன்னால் சமன் செய்யாமல் விட்டால், வேகமான வளைவில் மூக்கு திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும்.

ஷோவும் ட்ராக்கும் நிஜமாக முட்டும் இடம்

இவ்வளவு தேடிய பிறகு எனக்குக் கிடைத்த முடிவு: ஷோவும் ட்ராக்கும் பெரும்பாலான விஷயங்களில் முட்டுவதே இல்லை. நல்ல பெயின்ட் லேப் டைமைக் கெடுக்காது. ஃபோர்ஜ்டு ரிம் அழகு, எடையும் குறைவு. பெரிய பிரேக், ரோல் கேஜ், பக்கெட் சீட் எல்லாமே இரண்டு பக்கமும் செல்லும் காசு. முட்டும் இடம் ஒன்றுதான்: காரின் உயரம்.

ஷோவில் நிற்கும் கார் அசையாது. மட்கார்டு விளிம்பு டயரை உரசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தால்தான் படம் நன்றாக வரும். ட்ராக்கில் ஓடும் கார் அசைந்துகொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும், கெர்ப் மேல் ஏறினால் சக்கரம் மேலே போகும். அதற்கு உள்ளே இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் டயர் மட்கார்டில் தேயும், அல்லது சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். இடித்த நொடியில் ஸ்பிரிங் கல்லாகிவிடும், அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று போய்விடும். 911-ல் எடையின் அறுபது சதவீதம் பின்னால். வளைவின் நடுவில் பின் சக்கரத்துக்கு இது நடந்தால் வால் சுழன்றுவிடும். டிரைவருக்கு யோசிக்க நேரமே இருக்காது.

இறக்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஈர்ப்பு மையம் இறங்கும், வாஸ்தவம். ஆனால் 964-ன் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அதை இறக்கும்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால் சாயும் போக்கு அதிகமாகிறது. ஸ்டீயரிங் ராடின் கோணமும் மாறி, பள்ளத்தில் ஏறி இறங்கும்போதே சக்கரம் தானாகத் திரும்பும். பின்பக்கம் செமி-டிரெய்லிங் ஆர்ம்: இறக்க இறக்க கேம்பரும் டோவும் நகரும். இதெல்லாம் 911 ரேஸ்காரர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த சங்கதி. அதனால்தான் அவர்கள் முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிண்டிலையே மேலே ஏற்றி வெல்டு பண்ணுவார்கள், ஸ்டீயரிங் ராடுக்கும் கோணத்தைச் சரிசெய்வார்கள். இந்த வேலை எதுவும் போட்டோவில் தெரியாது.

நான் சாஃப்ட்வேர்க்காரன். டெமோவில் பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிற கோடும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அமுக்கினாலும் விழாத கோடும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

நகாயின் கார், நகாய் செய்துகொடுத்த கார்

நகாயைத் திட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் ரேஸ் ஓட்டுகிறவர். ஜப்பானில் ஐட்லர்ஸ் என்ற அமெச்சூர் ரேஸ் கூட்டம் உண்டு. அவர்கள் மொடேகி ட்ராக்கில் நடத்தும் 12 மணி நேர ரேஸில் ஆர்.டபிள்யூ.பி. கார்கள் படையாக இறங்கும். பாதி நாள் ஓடும் ரேஸில் மட்கார்டில் டயர் உரசும் கார் பிழைக்காது. ஆக அவருக்கு விஷயம் தெரியும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? மட்கார்டு மட்டும் தனியாக ஊர் ஊராகப் பயணம் போவதில்தான். அவர் கூடவே போவது ரம்பம், போல்ட், சிலிகான். ஸ்பிரிங், டேம்பர், பிரேக், ஆயில் கூலர் எல்லாம் அந்தந்த முதலாளியின் பாடு. சிலர் ஒழுங்காகச் செய்கிறார்கள். மற்றவர்களின் கார் வெளியே மொடேகி, உள்ளே முப்பது வருஷத்துப் பழைய ரப்பர் புஷ். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். "ரேஸ் கார்" என்ற பெயரும் இரண்டுக்கும் ஒன்றுதான். என் ஆட்சேபம் இதற்குத்தான். அழகுக்காக அகலப்படுத்தினேன் என்று ஒருவர் சொன்னால் அதில் குறையே இல்லை. ட்ராக் பெயரைச் சொல்லி விற்றால், ட்ராக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேறு இரண்டு வழிகள்

ஜெர்மனியின் மாந்தாய் கம்பெனி (அதில் போர்ஷேவுக்கே 51 சதவீதப் பங்கு உண்டு) 992 ஜிடி3-க்கு ஒரு கிட் தருகிறது. இன்ஜினைத் தொடவே இல்லை. சஸ்பென்ஷனும் காற்றியக்க பாகங்களும்தான். நர்பர்க்ரிங்கின் 20.832 கிலோமீட்டர் சுற்றில் ஃபேக்டரி கார் எடுத்தது 6 நிமிடம் 59.927 விநாடி. கிட் போட்ட கார் 6 நிமிடம் 55.737 விநாடி. வேறு வேறு நாளில் எடுத்த நேரங்கள்தான், இருந்தாலும் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் 4.19 விநாடி. அந்தக் காரின் பின் சக்கரத்தில் கார்பன் தட்டு மூடி இருக்கும். பார்த்தால் முழுக்க ஷோ சாமான். வேலையோ காற்றை ஒழுங்குபடுத்துவது.

இன்னொன்று கலிஃபோர்னியாவின் சிங்கர். அவர்களும் 964-ஐத்தான் எடுத்துத் திருத்துகிறார்கள். வில்லியம்ஸ் இன்ஜினியரிங்கோடு சேர்ந்து செய்த டிஎல்எஸ் மாடலில் 4 லிட்டர், 500 குதிரைத்திறன், மொத்தம் 75 கார்கள். 935-ஐ உருவாக்கிய நார்பர்ட் சிங்கரையே (கம்பெனியின் பெயரே ஒரு வகையில் அவருக்குச் செலுத்திய மரியாதைதான்) ஆலோசனைக்கு அழைத்து, அந்தப் பழைய வாத்து வால் வடிவத்தை நிஜமாகவே வேலை செய்ய வைத்தார்கள். அழகாகவும் ஓடவும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி. ஆனால் அந்த விலைக்கு நகாயை ஒப்பிடுவது நியாயமில்லை. நகாய் தருவது சாதாரணப் பணக்காரர் தொடக்கூடிய ஒன்று. சிங்கர் தருவது அதற்கும் மேலே.

என் தீர்ப்பு

நகாயின் கார்களை நான் கையால் செய்த சிற்பங்களாக மதிக்கிறேன். 935-ஐ ஒரு மனிதன் தன் கண்ணால் நினைவுகூர்ந்து மறுபடி செய்த உருவங்கள் அவை. போல்ட் தலை வெளியே தெரிவதும், சிலிகான் விளிம்பில் விரல் தடம் இருப்பதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அறுப்பது பாவம் என்று அழுவதும் எனக்கு ஒப்பவில்லை. 911 வரலாறே அறுத்து ஒட்டியவர்களின் வரலாறு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காற்றால் குளிரும் 911 தயாரிப்பு 1998-லேயே முடிந்துவிட்டது. அறுத்த தகடு திரும்ப வராது. ஆகவே இப்படி ஒரு காரில் கைவைக்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது வேலையின் வரிசையைத்தான். முதலில் புஷ், டேம்பர், பிரேக், கூலர். பிறகு காரை எந்த உயரத்தில் ஓட்டப்போகிறோம் என்று ட்ராக்கிலேயே முடிவு பண்ணி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுசாக மேலே தூக்கி டயர் எங்கே வருகிறது என்று அளக்க வேண்டும். ரம்பத்தை எடுப்பது அதற்கு அப்புறம். அப்படிச் செய்தால் நின்றிருக்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரியும். ஷோவில் யாராவது "இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாமே" என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.