மந்தும் பள்ளியும்: கட்டடக்கலை மாணவர் திட்டங்களில் சொல்லும் பொருளும்

1. முன்னுரை

இந்தியக் கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பின் இறுதியில் மாணவர்கள் வடிவமைப்புத் திட்டம் ஒன்றை விளக்கவுரையுடன் அளிப்பர். சூழலியல், காட்டுயிர், பழங்குடிப் பண்பாடு ஆகியவற்றை இணைத்து நோக்கும் திட்டங்கள் அவற்றுள் ஒரு வகையாகும். அவ்வகைக்கு நீலகிரித் தோடர் வாழிடம் தக்க களம். அளந்து வரைவதில் மாணவர் காட்டும் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆயினும் வரைபடம் பெறும் கவனத்தைச் சொல் பெறாதபோது வடிவமைப்பே பிழைபட நேர்கிறது.

2. மந்து

தோடர் வாழிடத்தைக் குறிக்கும் 'மந்து' என்பதைச் 'சிற்றூர்' எனப் பெயர்ப்பது வழக்கம். பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) தோடா வடிவத்தைத் தமிழ் 'மன்று', 'மன்றம்' ஆகியவற்றோடு இணைக்கிறது. பால்மனையோடு கூடிய ஊர், ஊருக்கு அப்பாலுள்ள பால்மனை, ஈமக்களம் ஆகிய அனைத்தும் தோடாச் சொல்லின் பொருளெல்லையில் அடங்கும். தமிழ் 'மன்று'ம் அவையோடு ஆநிரை நிற்குமிடத்தையும் சுட்டும். எனவே வீடுகளை மட்டும் எல்லையிட்டு வரைந்த படம் மந்தின் படமாகாது. எருமைத் தொழுவும் மேய்ச்சல் நிலமும் நீரோடையும் அதனுள் இடம்பெற வேண்டும்.

3. பள்ளி

தோடரின் புனிதக் கட்டடத்தின் பெயர் தமிழ் 'பள்ளி'யோடு ஒரே வேரினது. இடைச்சேரி, துயிலிடம், சமணர் உறைவிடம், கல்விக்கூடம் எனத் தமிழில் விரிந்த சொல் தோடாவில் பால்மனை என்னும் பொருளில் நிலைபெற்றது. அங்குப் புனித எருமைகளின் பாலைக் கடைதலே சடங்காகும். 'கோயில்' என்னும் பெயர்ப்பில் பால் மறைகிறது. 'பால்பண்ணை' என்பதில் புனிதம் மறைகிறது. கோயில் எனக் கொண்ட மாணவர் சுற்றுப்பாதையும் காண்போர் முற்றமும் வரைய முற்படுவர். பால்மனை எனக் கொண்டால் நீர்நிலை, தொழு, பிறர் அணுகாமைக்குரிய இடைவெளி ஆகியவையே முதல் தேவைகளாகும். பெயர்ப்பு மாறின் தரைப்படமும் மாறும்.

4. கூரைப்புல்

விளக்கவுரைகளில் 'உள்ளூர்ப் பொருள்' என்னும் தலைப்பின்கீழ்ப் 'புற்கூரை' எனக் குறித்து அமைவதும் உண்டு. பள்ளியின் கூரைக்குரிய புல்லுக்குத் தோடர் 'அவ்ஃபுள்' எனத் தனிப்பெயர் வழங்குவர். அது மலைச் சதுப்பில் வளர்வது. யூகலிப்டஸ், சீகை ஆகிய அயல்மரங்களை நட்டதாலும் வேளாண்மையாலும் அச்சதுப்புகள் சுருங்கின. பொதுச்சொல் இவ்வுறவை மறைக்கிறது. தனிப்பெயரோ கூரையிலிருந்து சதுப்புக்கு வழிகாட்டுகிறது. வளைகூரையின் வடிவத்தைச் சிமெண்டில் படியெடுப்பது ஒலிபெயர்ப்பை ஒத்தது. அதில் பொருள் வந்து சேர்வதில்லை. சதுப்பை மீட்பதையும் தன் பகுதியாகக் கொள்ளும் திட்டமே பொருளைப் பெயர்ப்பதாகும்.

5. முடிவுரை

யுனெஸ்கோவின் 2010ஆம் ஆண்டு மொழி வரைபடத் தொகுப்பு தோடாவை அழிவின் விளிம்பிலுள்ள மொழிகளுள் வைத்தது. ஆதலால் ஒவ்வொரு திட்டத்துடனும் பேசுவோரிடம் கேட்டுத் தொகுத்த சொற்பட்டியல் இணைதல் வேண்டும். தோடாவின் ஒலிப்பிலா மருங்கொலிகளைத் தமிழ் எழுத்து காட்டாதாகையால் ஒலியியல் குறியீடும் தேவை. கட்டட உறுப்புகளை அளக்கும் மாணவர் அவற்றின் பெயர்களையும் திரட்டின் மொழியியலார்க்கு அரிய தரவு கிட்டும். திட்டங்களை மதிப்பிடும் குழுவில் மொழியியலார் ஒருவர் இடம்பெறுவது இதற்கு முதற்படியாகும்.