மொட்டை மாடி வெயிலும் அலமாரி டப்பாவும்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து வீடுகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வந்து இறங்கினால் முதல் வேலை, மொட்டை மாடியில் பரப்பிக் காய வைப்பதுதான். முந்திரி, பாதாம் என்றாலும் இதே வைத்தியம்தான். பிறகு டப்பாவில் கொட்டி, நாலு மிளகாய் வற்றலைப் போட்டு மூடி, அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் ஏற்றிவிடுகிறோம். இந்த வழக்கத்தில் ஒரு பாதி பருப்பைக் காக்கிறது, மறுபாதி கெடுக்கிறது.

காய வைப்பதன் அருமையைக் குறைத்துப் பேச முடியாது. ஈரம் தங்கிய கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சே உலகுக்குத் தெரிய வந்தது. வறுத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. ஆகவே ஓட்டோடு இருக்கும் கடலைக்கு வெயில் வேண்டும்.

உடைத்த பருப்பின் கதை வேறு. நிலக்கடலையிலும் பாதாமிலும் ஏறக்குறைய பாதி எண்ணெய். அக்ரூட்டில் அதைவிட அதிகம். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் அந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பருப்பை வெயிலில் போடுவதும், கண்ணாடி ஜாடியில் அழகுக்கு வைப்பதும், அடுப்பின் அனலில் அடுக்குவதும் அந்தக் கேட்டை விரைவுபடுத்துகின்றன. மிளகாய் வற்றல் பூச்சியை ஓரளவு விரட்டலாம். சிக்கு வாடையைத் தடுக்காது. விதைக் கடலையை ஓட்டோடு வைத்திருந்து, விதைப்புக்குச் சற்று முன் உடைக்கும் விவசாயியின் கணக்கு எனக்கு நம் சமையலறைக் கணக்கைவிடத் தெளிவாகப் படுகிறது.

உடைத்த பருப்புக்கு ஏற்ற இடம் ஃபிரிட்ஜ்தான். அங்கே மாதக்கணக்கில் கெடாது. அதிலும் குறை உண்டு: மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் வெங்காய வாடை ஏறிவிடும், குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் பருப்பின் மேல் ஈரம் படியும். வெளியே எடுத்து, குளிர் விட்ட பிறகு திறந்தால் போதும்.

தீபாவளிக்குக் கிலோ கணக்கில் வாங்கிப் பொங்கல் தாண்டியும் வெளியில் வைத்திருப்பதைவிட, கால் கிலோவாக வாங்குவது மேல். வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிடுங்கள். பூஞ்சை பிடித்ததை வறுத்துச் சட்னியில் மறைக்காதீர்கள். குழந்தைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.