டிலனின் கிழக் குரல்

பாப் டிலனை நான் முதலில் வாசித்தேன், கேட்கவில்லை. மதுரைப் பழைய புத்தகக் கடையொன்றில் அவருடைய பாடல் வரிகளின் தொகுப்பு கிடைத்தது. ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்து வந்து, கையில் பென்சிலோடு படித்தேன். தளர்ந்த வரி, எதுகைக்காக இழுத்து வந்த சொல், முடியவேண்டிய இடத்தில் முடியாத அடுக்கு என்று ஓரங்களில் குறித்துக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் 'கவிதை அல்ல' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கையெழுத்தோடு.

இந்த அசட்டுத்தனம் எனக்கு மட்டும் உரியதல்ல. 1959ல் வந்த 'எழுத்து'வை ஒட்டிக் கிளைத்த புதுக்கவிதை, ஓசையை உதறித்தான் நிமிர்ந்தது. கவியரங்கமும் சினிமாப் பாட்டும் காதை அடைத்த காலத்தில் மௌன வாசிப்புக்கென்று ஒரு கவிதை தேவைப்பட்டது நியாயமே. ஞானக்கூத்தன் யாப்பின் சப்தத்தை விடாமல் வைத்துக்கொண்டு அதையே கிண்டலுக்குப் பயன்படுத்தினார். நம்மில் பலர் கெட்ட பாட்டை நிராகரிக்கப் போய்ப் பாட்டையே நிராகரித்துவிட்டோம்.

பிறகு நண்பர் ஒருவர் கேஸட் தந்தார். மூக்கால் பாடும் அந்தக் குரல் பிடிக்கவில்லை. 1960களின் புகழ்பெற்ற எதிர்ப்புப் பாடல்கள் இன்றும் எனக்கு முழுச் சம்மதமில்லை. சின்ன வயசில் தீர்ப்புச் சொல்லும் தொனி அவற்றில். என்னை நிறுத்தியது 'டாங்கிள்ட் அப் இன் ப்ளூ'. 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவுசெய்து ஒதுக்கிவைத்த வடிவத்தில் பாட்டு 'அவன்' என்று தொடங்குகிறது. டிசம்பரில் மினியாபோலிஸில் மீண்டும் பதிவாகி 1975ல் இசைத்தட்டில் வந்தபோது அந்த 'அவன்' 'நான்' ஆகிவிட்டான். 1984 ஐரோப்பிய மேடைப் பதிவில் வரிகளே பெரும்பாலும் வேறு. இதில் எது மூலப் பிரதி? பென்சிலோடு உட்கார்ந்தவனுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

விடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். பக்தியால் போகிறவனல்ல நான். மார்கழியில் அரையர் சேவை பார்க்கப் போவேன். தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், தம்பிரான்படி வியாக்யானம் சொல்கிறார். முத்துக்குறியில் அவரே தாய், அவரே காதல் நோயுற்ற பெண், அவரே குறிசொல்லும் கட்டுவிச்சி. வேஷம் கலைக்காமல், குரலும் பார்வையும் மாறுவதில் மூவரும் வந்து போகிறார்கள். ஆயிரம் வருஷத்துப் பிரதியில் ஓர் எழுத்து மாறுவதில்லை. ஆனால் 'நான்' யார் என்பது ஒவ்வொரு முறையும் சொல்கிறவன் வாயில்தான் தீர்மானமாகிறது. டிலன் சொல்லையும் மாற்றிவிடுகிறார், அரையர் மாற்றமாட்டார். வித்தியாசம் பெரியதுதான். இருந்தும் அச்சில் எனக்குத் தளர்வாகத் தெரிந்த இடங்களெல்லாம் குரல் வந்து நிற்பதற்கு விட்ட இடங்கள் என்று அங்கே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

(1965ல் நியூபோர்ட்டில் அவர் மின்கிதாரோடு ஏறியபோது கூச்சல், மறுவருஷம் மான்செஸ்டரில் 'யூதாஸ்' என்று ஒருவன் கத்தினான். அரையர் தாளத்தை வைத்துவிட்டு மின்கிதார் எடுத்தால் நம்மவர்கள் அவ்வளவோடு விடமாட்டார்கள்.)

குரல் கெட்டபிறகுதான் டிலன் எனக்கு முழுதாகக் கிடைத்தார். 1997ல் வந்த 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' தொகுப்பில் 'நாட் டார்க் யெட்' கேளுங்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயசு. தொண்டையில் சரளைக்கல் உருளுகிறது. ஸ்வரத்தை எட்டிப் பிடிக்க முடியாதவன், அதன் அருகில் போய்ப் பேசிவிட்டுத் திரும்புகிறான். இளங்குரலில் இதே வரிகள் பாவனையாகியிருக்கும். 2020 மார்ச்சில், ஊரடங்கு நாட்களில் வந்த 'மர்டர் மோஸ்ட் ஃபௌல்' ஏறக்குறைய பதினேழு நிமிஷம். 1963ல் கென்னடி கொல்லப்பட்டதில் ஆரம்பித்துப் பாட்டுகளின் பெயர்களை ஜபம்போல அடுக்கிக்கொண்டே போகிறார். அச்சில் வெறும் பட்டியல். கேட்கும்போது, சாவு வீட்டில் ஒரு கிழவர் உறவுகளைப் பெயர் சொல்லி அழைக்கிற மாதிரி. சினாட்ரா பாடிய பழைய பாட்டுகளை 2015க்குப் பின் இவர் பாடிய தொகுப்புகளை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது பாட்டுகள் கொண்ட 'ட்ரிப்ளிகேட்'டைப் பாதியில் நிறுத்தினேன்.

2016 நோபல் பரிசின்போது பாட்டு இலக்கியமா என்று சண்டை நடந்தது. பாட்டு இலக்கியம் போன்றதல்ல, பாடுவதற்கானது என்று டிலனே தம் நோபல் உரையில் சொன்னார். என் பழைய தீர்ப்பை அவரே உறுதி செய்துவிட்டதாகச் சந்தோஷப்படலாம். முடியவில்லை. அவர் சொன்னதில் பணிவு இல்லை. கவிதையின் மீது நாம் வைத்திருந்த அளவுகோல் குட்டை என்ற செய்தி இருந்தது.

ஷில்லாங்கில் ராக் இசைக்கலைஞர் லூ மஜாவ் 1972 முதல் டிலன் பிறந்தநாளான மே 24ஐப் பாடிக் கொண்டாடத் தொடங்கினார். எனக்குப் பாட வராது. போன வாரம் என் கவிதைகளைக் கதவைச் சாத்திக்கொண்டு உரக்க வாசித்துப் பார்த்தேன். பதினொன்றில் இரண்டைத்தான் வாய் ஏற்றது. மற்றவற்றின் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.