வெல்ஷ் தெரிந்தவர் தேவை

வேல்ஸில் ஒரு நகராட்சியிலோ மருத்துவ வாரியத்திலோ பணியிடம் காலியானால், விளம்பரம் கொடுக்கும் முன்பே அந்த வேலைக்கு வெல்ஷ் மொழி எவ்வளவு வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தாக வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மொழித் தரநிலைகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உள்ளாட்சிகள் 2016 முதல் இவற்றுக்கு உட்பட்டவை. தேர்வுகள் நான்கு: வெல்ஷ் கட்டாயம், சேர்ந்தபின் கற்க வேண்டும், தெரிந்தால் நல்லது, தேவையில்லை. நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மூன்றாவது தேர்வு இந்த ஏற்பாட்டை உள்ளிருந்தே அரிக்கிறது, இரண்டாவதோ பாராமுகமாக விடப்படுகிறது என்பதே என் வாதம்.

முதலில் எழும் கேள்வி, இதற்கெல்லாம் அவசியம் என்ன என்பது. 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம், ஏறக்குறைய எல்லாருக்கும் ஆங்கிலமும் தெரியும். இந்தக் கேள்விக்கு வரலாற்றைக் காட்டிப் பதில் சொல்லலாம்: ஆங்கிலம் பயன்படுத்தாதவருக்கு அரசுப் பதவி இல்லை என்றது 1536ஆம் ஆண்டுச் சட்டம், அதன் எச்சங்கள் சட்டப் புத்தகத்திலிருந்து முற்றிலும் நீங்கியது 1993இல்தான். ஆனால் பழைய அநீதியைவிட இன்றைய தேவையே வலுவான பதில். மறதிநோய் முற்றிய முதியவருக்குப் பின்னால் கற்ற மொழி கைவிட்டுப் போகலாம். வீட்டில் வெல்ஷ் மட்டுமே கேட்ட குழந்தை பயத்தில் ஆங்கிலத்தில் வாய் திறக்காது. அதனால்தான் நோயாளி கேட்கட்டும் என்று காத்திராமல் ஊழியரே முன்வந்து வெல்ஷில் பேச வேண்டும் என்று 2012இல் வந்த சுகாதாரத் திட்டம் வகுத்தது. கடிதத்தையும் அறிவிப்பையும் கணினி மொழிபெயர்த்துவிடும். நோயாளியைக் குளிப்பாட்டும் செவிலியருக்குப் பதிலாக அது நிற்க முடியாது.

அடுத்த ஆட்சேபம் கனமானது: வேல்ஸின் பெரும்பான்மைக்கு வெல்ஷ் தெரியாதபோது, அதைத் தகுதியாக்குவது பாகுபாடல்லவா? முதியோர் இல்லப் பணிக்கு வெல்ஷ் தெரியாததால் நிராகரிக்கப்பட்ட இருவரின் வழக்கு 1986இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை போனது. ஒரே நாட்டவரை மொழியை மட்டும் வைத்துத் தனி இனக்குழுவாகப் பிரிக்க இயலாது என்று முடிவாகி, அவர்களை நிராகரித்த குவினெத் கவுன்சிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சட்டப்படி விஷயம் முடிந்தது, நியாயப்படி முடியவில்லை. மொழி பிறப்போடு வருவதல்ல, கற்றுக்கொள்ளக்கூடியது என்று சொல்பவர், கற்கும் வழியையும் திறந்து வைத்திருக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே, வேலை நேரத்திலேயே படிக்க இடம் தரும்போதுதான் கட்டாயம் என்ற நிபந்தனைக்குத் தார்மீக பலம் கிடைக்கிறது. 'தெரிந்தால் நல்லது' என்பதோ யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. விதியை நிறைவேற்றிவிட்டதாக நிர்வாகம் கணக்கெழுதலாம்; எதிரே வந்து நிற்பவருக்கு வெல்ஷ் கிடைப்பதோ அன்றைய அதிர்ஷ்டம்.

இன்னொரு குறை, ஆளை எடுத்துவிட்டால் சேவை வந்துவிடும் என்ற நினைப்பு. குவினெத்தில் 64 சதவீதத்தினர் வெல்ஷ் பேசுகிறார்கள். கவுன்சிலின் உள்நிர்வாகமே அம்மொழியில் நடப்பதால், புதிதாகக் கற்றவருக்கும் அன்றாடம் காதில் விழுகிறது. தென்கிழக்கிலுள்ள பிளேனாய் குவென்ட்டில் பேசுவோர் 6 சதவீதம். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு பிரிவில் வெல்ஷ் தெரிந்தவர் ஒருவரே இருந்தால், வெல்ஷ் தொலைபேசி அழைப்பெல்லாம் அவரிடமே வரும். சக ஊழியர்களின் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் அவர் தலையில் விழும். அவர் விடுப்பு எடுத்தால் சேவையும் விடுப்பு எடுத்துவிடும். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியது தனிப் பணியிடத்தை அல்ல, குழுவை. இதைவிடக் கவலை தருவது வேறொன்று. 2050க்குள் வெல்ஷ் பேசுவோர் பத்து லட்சம் பேர் என்று வேல்ஸ் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு வெல்ஷில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் வேண்டும், அவர்களுக்கோ தட்டுப்பாடு. அதே சிறு கூட்டத்திலிருந்தே அலுவலகங்களும் ஆள் எடுத்தால், நாளைய பேச்சாளர்களை உருவாக்க வேண்டியவர் இன்றைய படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

மருத்துவ நிபுணருக்கும் சமூகப் பணியாளருக்கும் ஏற்கெனவே பஞ்சம். வெல்ஷும் கேட்டால் ஒருவரும் வரமாட்டார் என்பார்கள். இதில் பாதி உண்மை. மனநல நிபுணருக்கு அதைக் கட்டாயமாக்குவது விவேகமல்ல. அவருடைய குழுவின் செவிலியருக்கும் வரவேற்பாளருக்கும் கட்டாயமாக்கலாம். அவர்களிடமும் எழுத்து வெல்ஷைக் கேட்கக் கூடாது. வீட்டில் சரளமாகப் பேசும் பலர், எழுத்தில் பிழை வருமோ என்று அஞ்சியே விண்ணப்பிக்காமல் ஒதுங்குகிறார்கள். பேச்சு போதுமான வேலைக்குப் பேச்சை மட்டும் கேட்டால் அவர்கள் வருவார்கள். வேலையிடத்தில் கற்பிப்பதற்கென்றே 2017 முதல் தேசிய வெல்ஷ் கற்றல் மையத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டறிக்கையில் எத்தனை விளம்பரங்கள் எந்த வகையில் வந்தன என்பதைத் தரநிலைகள் கேட்கின்றன. கற்பதாக ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்களில், இரண்டு ஆண்டு கழித்து எத்தனை பேர் மக்களிடம் வெல்ஷில் பேசுகிறார்கள் என்பதையும் அதே அறிக்கையில் கேட்டால், இரண்டாவது வகை ஒப்புக்காக நின்றுவிடாது.